சட்டத்துக்கு வெளியே நின்றவர்

அவருடைய பெயரில் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றன. இடையில் மூச்சு வாங்க ஓர் உயிரெழுத்து இல்லை. பாளையங்கோட்டையில் அதை முழுமையாக உச்சரித்தவர் எவருமிலர். ஆகவே ஊரார் அவரைப் படக்காரத் துரை என்றனர். போர் மூண்டு, எம்டன் என்னும் செர்மானியக் கப்பல் சென்னைக் கரையில் குண்டு வீசிய பிறகு எம்டன் துரை என்றனர். இரண்டு பெயர்களுக்கும் அவர் ஒரே பணிவோடு திரும்பிப் பார்த்தார்.

அவரைப் பற்றி முதலிற் சொல்லத்தக்கது அவர் எங்கே நிற்பார் என்பதே. எந்தக் கூட்டத்திலும் அவர் நடுவில் நின்றதில்லை. தேவாலயத்தில் கடைசிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். மேலப்பாளையத்தில் தச்சர் மைதீனின் தங்கை திருமணத்துக்குப் போயிருந்தபோது, மைதீன் அவர் கையைப் பற்றி இழுத்து மாப்பிள்ளையின் பக்கத்தில் அமர்த்தினார். நாங்கள் உண்டு எழுந்து பார்க்கையில் துரை பந்தற்காலுக்கு அப்பால் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் துரை இங்கன வந்து காயுதீரு?" என்றார் மைதீன்.

"நான் உள்ளே இருந்தால் காட்சி கெடும்" என்றார் அவர்.

அந்த விடையின் தமிழுக்கு நான் பொறுப்பாளி. மிஷன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதனாக இருந்த என்னை, மாலையில் இரண்டு நாழிகை தமிழ் சொல்லிக் கொடுக்குமாறு அவர் அமர்த்திக்கொண்டார். பேச்சு வழக்கைக் கற்பிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏட்டுத் தமிழையே கற்பித்தேன். அதன் பயனாக, ஆற்றில் துணி வெளுக்கும் மாடத்தியை அவர் "அம்மையே, பைய நடவும்" என்றுதான் அழைப்பார். 'பைய' என்பது மாடத்தியிடமிருந்து அவர் தாமே எடுத்துக்கொண்ட சொல். "எங்கூரு சனத்துல எனக்கு இவ்வளவு மருவாதி யாரும் குடுத்ததில்ல. இவரு கூப்பிட்டா வெளுத்த துணிய மறுக்கா வெளுக்கலாம்போல இருக்கு" என்பாள் அவள்.

அவருடைய தொழில், அசையும் படம் எடுப்பது. கூடாரத்தில் காட்டப்படும் பயாஸ்கோப்பை நாங்கள் கண்டிருந்தோம். அதை ஒருவர் எடுக்க வேண்டும் என்பதை எண்ணியதில்லை. போருக்கு முந்திய ஆண்டு, கொழும்பிலிருந்து தூத்துக்குடி வழியாக ஒரு மரப்பெட்டியும் மூன்று கால் தாங்கியும் கொண்டு வந்து இறங்கினார். அருவியையும் கோபுரத்தையும் எடுத்துப் போகத்தான் அவரை ஒரு குழுமம் அனுப்பியிருந்தது. அவரோ தாமிரபரணியைப் பார்த்த அன்றே அருவியை மறந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, தம் கதை ஒன்றை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

கதை சிறியது. படகோட்டி ஒருவன் வெள்ளக் காலத்தில் மேலைக் கரைக்குப் போனவன் திரும்பவில்லை. வெள்ளம் வடிந்ததும் அவன் மனைவி ஆற்றில் இறங்கி நடந்து அக்கரை சேர்கிறாள். கரையில் யாரும் இல்லை. அவ்வளவுதான். மனைவியாக மாடத்தி. படகோட்டியாக நடித்தவன் மெய்யான படகோட்டியே. தன் பகுதி முடிந்ததும் இலங்கைத் தோட்டத்துக்குப் போனான், திரும்பி வரவில்லை. "கதைக்குப் பொருத்தந்தான்" என்று மைதீன் சொன்னார்.

பெட்டியின் கண்ணுக்கு எவ்வளவு இடம் தெரியுமோ அவ்வளவையும் நிலத்தில் நான்கு மரச்சட்டங்களால் அடைத்து வைப்பது துரையின் வழக்கம். நடிப்பவர் அதற்குள் நிற்க வேண்டும். மற்றவர் அதை மிதிக்கக் கூடாது. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர் கேட்டபோது, நான் ஓர் இரவு முழுதும் சிந்தித்து, 'காட்சி வரைப்பு' என்று ஆக்கிக் கொடுத்தேன். தறிக்கு மரவேலை செய்யும் மைதீனோ, அந்தக் கட்டைகளை இழைத்துக்கொண்டே, "இது சட்டம், வேற என்ன?" என்றார்.

துரைக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. நான் மறுத்துப் பார்த்தேன்.

"பண்டிதரே, உம்ம சொல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல ஆணி அடிக்க முடியாது வே" என்றார் மைதீன்.

அன்றுமுதல் ஆற்று மணலில் நாளெல்லாம் அந்தக் குரல் கேட்டது: "சட்டத்துக்குள் வாரும்." "சட்டத்தை மிதியாதீர்." "சட்டத்தில் உமக்கு இடமில்லை, அப்பால் போம்." போகிறவர் வருகிறவர் நின்று சிரிப்பார்கள். பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினால், அவர் 'போதும்' என்று சொல்லும்வரை ஒருவரும் அசையக் கூடாது. சொன்ன பிறகு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "நன்று. மீண்டும்" என்பார். அவர் நன்று என்று மட்டும் சொல்லி நிறுத்தி நான் கேட்டதில்லை.

மாடத்தியால் மற்ற எல்லாம் முடிந்தது. அழ முடிந்தது, சினக்க முடிந்தது, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நிற்கவும் முடிந்தது. கடைசிக் காட்சி ஒன்றுதான் முடியவில்லை. மேலைக் கரையில் பெட்டியை வைத்துக்கொண்டு துரை நிற்பார். கீழைக் கரையிலிருந்து அவள் நடந்து வருவாள். கரையை நெருங்கியதும், அங்கே யாரும் இல்லை என்பதை அவள் முகம் அறிய வேண்டும். அவளுக்கோ அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

"ஏன் சிரிக்கிறீர், அம்மையே? கரையில் ஒருவரும் இல்லை."

"எங்கன இல்ல? அந்தா நீரு நிக்கீரு. வாத்தியாரய்யா குடை புடிச்சுக்கிட்டு நிக்காரு. ஆளு நிக்கையில ஆளு இல்லன்னு எப்படிப் பாக்க?"

"நான் சட்டத்துக்கு வெளியே நிற்கிறேன். சட்டத்துக்கு வெளியே இருப்பது இல்லாதது. ஆகையால் நான் இங்கே இல்லை."

"இல்லாத ஆளுதான் என்னை இந்தப் பாடு படுத்துதா?" என்று அவள் ஈரப் புடவையைப் பிழிந்தாள்.

அவர் சினந்ததில்லை. ஆயினும் அந்தக் காட்சிக்காக அவர் கொண்டிருந்த பிடிவாதத்தில் என்னை அச்சுறுத்திய ஒன்று இருந்தது. ஒரு மாலை அதன் காரணத்தைச் சொன்னார். அவர் அதற்கு முன் மூன்று கதைப்படங்கள் எடுத்தவர். முதலாவது தீப்பற்றி அழிந்தது. இரண்டாவதன் முடிவில் தாய்மொழிப் பாட்டொன்றை மக்கள் வாயசைத்துப் பாடுவதாக எடுத்திருந்தார். ஒலியில்லாப் படத்தில் வாயசைவைக் கண்டே அதிகாரிகள் அந்தப் பகுதியை வெட்டி எறிந்தனர். மூன்றாவதன் உடைமையாளர், துயர முடிவு விலை போகாதென்று, பின்னால் ஒரு திருமணத்தை ஒட்டிவிட்டார்.

"நான் தொடங்கிய படங்கள் மூன்று, முடித்த படம் ஒன்றும் இல்லை. இதை முடித்தால் போதும்" என்றார்.

போர் வந்தது. எந்த நாட்டவர் என்று அவரைக் கேட்டார்கள். போலந்து என்றார். அரசுக் கச்சேரியில் இருந்த தேசப்படத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நாடே இல்லை என்றார்கள். பக்கத்து அரசர் மூவர் அதைப் பங்கிட்டுக்கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது என்றும், தாம் பிறந்த பங்கு ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு விழுந்தது என்றும் அவர் விளக்கினார். அவருடைய தாள்களில் அந்தச் சக்கரவர்த்தியின் முத்திரை இருந்தது. அவர் பகைநாட்டுக் குடியானார்.

இதை நான் மைதீனிடம் சொன்னபோது அவர் உளியைக் கீழே வைத்தார். "பாகப்பிரிவினையா? மூணு பங்காளி சேந்து வீட்டப் பிரிச்சிட்டானுவ. இவரு எந்த அறையில தூங்கிக்கிட்டு இருந்தாரோ அந்த அறைக்காரன் செஞ்ச சண்டைக்கு இவர இங்கன புடிச்சு வச்சிருக்கானுவ. நல்லா இருக்கு வே உங்க நியாயம்."

ஆணை கடுமையன்று என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் பங்களாவிலேயே இருக்கலாம். மாலைதோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். வடக்கே வண்ணார்பேட்டை, தெற்கே மேலப்பாளையத்துத் தறிகள், கிழக்கே வெள்ளையர் கல்லறைத் தோட்டம், மேற்கே ஆறு. இந்நான்கையும் தாண்டக் கூடாது. தாண்டினால் வடக்கே எங்கோ முள்வேலி இட்ட முகாமுக்கு அனுப்புவார்கள். பெட்டியையும் படச்சுருள்களையும் பறித்துக்கொள்வார்கள்.

நான்கு எல்லைகளையும் கேட்டுவிட்டு, "என்னையும் சட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள்" என்றார். அச்சொல்லின் மற்றொரு பொருளை அப்போது அவர் அறிந்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதன்பின் அவர் நடக்கத் தொடங்கினார். வெயில் சாய்ந்ததும் பங்களாவிலிருந்து புறப்பட்டு வடக்கெல்லை, கிழக்கெல்லை, தெற்கெல்லை என்று சுற்றி, ஆற்றங்கரையில் வந்து நிற்பார். முதலில் நிமிர்ந்து நடந்தார். இரண்டாம் ஆண்டில், தாழ்ந்த கூரைக்குள் நடப்பவரைப் போல, திறந்த வெளியிலும் தலையைச் சற்றே குனிந்துகொண்டு நடந்தார். எதிரே மேலைக் கரையின் கல்மண்டபம், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், வெயிலில் மஞ்சளாக நிற்கும். கரையில் இருந்தபடியே தலைப்பாகைக் காவலர் ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் நல்லவர், பெயர் மாசானம். "போதும் துரை, வீட்டுக்குப் போங்க. நீங்க நின்னா நானும்லா நிக்கணும்" என்பார்.

படச்சுருள் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது; ஒரு காட்சிக்கு, ஒரே முறைக்கு. புதியது வரக் கப்பல் இல்லை. மேலைக் கரைக்குப் போக ஒரு நாள் ஒப்புதல் தருமாறு மூன்று விண்ணப்பங்கள் எழுதினோம். மூன்றுக்கும் ஒரே மறுப்பு.

மைதீன் ஒரு வழி சொன்னார். "பெட்டிய இந்தக் கரையில வையும். மாடத்திய அந்தக் கரையில இருந்து வரச் சொல்லும். படம் பாக்கவனுக்கு எந்தக் கரைன்னு என்ன தெரியும்?"

"ஆற்றுக்குத் தெரியும்" என்றார் துரை.

எனக்கும் அது விளங்கவில்லை. அவர் மணலில் கோடிட்டுக் காட்டினார். இதுவரை எடுத்தவையெல்லாம் மேலைக் கரையிலிருந்து எடுத்தவை. அவற்றில் நீர் இடப்பக்கமாக ஓடுகிறது. கீழைக் கரையில் நின்று எடுத்தால் வலப்பக்கமாக ஓடும். "கடைசிக் காட்சியில் ஆறு வந்த வழியே திரும்பி ஓடும். யாரும் அறியமாட்டார்கள், ஆனால் நம்பமாட்டார்கள்."

மைதீன் என்னைப் பார்த்து, "இந்த ஆளை முள்வேலிக்குள்ள போடவே வேண்டாம். இவரே ஒரு முள்வேலி" என்றார். சிரிப்பதற்கு முன் அவர் குரல் சற்றுத் தளர்ந்தது.

போரின் நான்காம் ஆண்டு வைகாசியில் ஆறு வெகுவாக ஒடுங்கியது. நட்டாற்றில் ஒரு மணல்திட்டு முதுகு காட்டிற்று. அங்கே பெட்டியை வைத்துக் கிழக்கு நோக்கினால் நீர் இடப்பக்கமே ஓடும். மாடத்தியின் முகமும் தெரியும். எல்லை ஆறு என்றால், ஆற்றில் நிற்பது எல்லையில் நிற்பதே ஆகும், தாண்டியதாகாது என்று அவர் என்னிடம் வாதிட்டார். இலக்கணப்படி அது சரியே. நான் அப்படியே சொன்னேன்.

நண்பகலில் மைதீன் பெட்டியைத் தலையில் சுமந்து திட்டில் வைத்தார். துரை சட்டங்களை மணலிற் பதித்தார். கீழைக் கரையிலிருந்து மாடத்தி புறப்பட்டாள். கைப்பிடி சுழலத் தொடங்கியது. அவள் நன்றாகவே வந்தாள். முழங்கால் நீரில் ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, கண்களைக் கரையில் ஊன்றிப் பைய வந்தாள். அப்போது அவளுக்குப் பின்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நீரைச் சிதறடித்தபடி மாசானம் ஓடி வந்தார்.

"சட்டத்துக்குள் வராதீர்!" என்று துரை கூவினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "காவலரே, சட்டத்துக்குள் வராதீர்!"

மாசானம் வந்துவிட்டார். மாடத்தி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கைப்பிடி சுழன்றுகொண்டே இருந்தது. சுருள் தீர்ந்த ஓசையைப் பெட்டிக்குள் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

உசாவல் மறுநாள் காவல் நிலையத்தில் நடந்தது. ஆய்வாளர் நம்மவர், திருநெல்வேலிக்காரர். ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கியவரிடம், அவருக்கு மதிப்புச் செய்வதாக எண்ணித் துரை தமிழில் விடை சொன்னார்.

"காவலரைச் சட்டத்துக்குள் வராதே என்று தடுத்தது நீர்தானா?"

"ஆம். அவர் அங்கே வருவது முறையன்று."

"காவலர் சட்டத்துக்குள் இல்லாமல் வேறு எங்கே இருப்பார்? சரி, நீர் எங்கே நின்றீர்?"

"நான் என்றும் சட்டத்துக்கு வெளியே நிற்பவன். என் தொழில் அத்தகையது."

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் எழுந்து, மரச்சட்டம் வேறு, அரசின் சட்டம் வேறு என்று ஒருசொற் பலபொருளை விளக்கத் தொடங்கினேன். ஆய்வாளர் கையமர்த்தினார்.

"உக்காரும், பண்டிதரே. உம்ம மாணவர் பேசுத தமிழ் தெளிவாத்தான் இருக்கு. அதுல பிழை ஒண்ணும் நான் காணல."

உண்மையிலேயே அதில் பிழை இல்லை. எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு யாவும் அதனதன் இடத்தில் இருந்தன. அவர் என்னிடம் கற்றுப் பேசியவற்றுள் அதைவிடச் செப்பமான வாக்கியம் ஒன்று எனக்கு நினைவில்லை.

வடக்கே அனுப்பும் ஆணை இரு வாரத்தில் வந்தது. புகைவண்டி நிலையம் ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே, எந்த ஆற்றைத் தாண்டக் கூடாதென்று அவரை அடைத்து வைத்தார்களோ, அதே ஆற்றின் பாலத்தில் அவரைக் குதிரைவண்டியில் ஏற்றி அழைத்துச் சென்றார்கள். துணைக் காவல் மாசானம். மொழிபெயர்க்க என்ற பேரில் நான்; நிலையத்துக்குள் வர எனக்கு ஒப்புதல் இல்லை.

மேலைக் கரை வந்ததும் துரை வண்டியை நிறுத்தச் சொன்னார். கல்மண்டபத்தின் படிகளில் சற்று நேரம் நிற்க வேண்டும் என்றார்.

"அதுக்குச் சட்டத்துல இடமில்ல, துரை" என்றார் மாசானம் வருத்தத்தோடு.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஆண்டுகளில் நான் கேட்ட முதற் சிரிப்பு அது. "அப்படியானால் வெளியே நிற்கிறேன்" என்றார். மாசானத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பையப் போயிட்டு வாங்க. வண்டிக்கு நேரமிருக்கு" என்றார்.

எதிர்க்கரையில் மாடத்தி துவைத்துக்கொண்டிருந்தாள். படியில் நின்றவரை அடையாளங்கண்டு நிமிர்ந்தாள். அவரிடம் பெட்டி இல்லை, சட்டங்கள் இல்லை. இரு கை விரல்களையும் சதுரமாகக் கூட்டிக் கண்முன் பிடித்தார். அவள் துணியைக் கல்லின்மேல் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினாள், நடந்து வந்தாள், கரையை நெருங்கியதும் அவரைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்தாள்.

"போதும்" என்றார்.

"சரியா வந்தேனா, துரை?"

"நன்று. மீண்டும்."

"போற நேரத்துலயுமா?" என்று முணுமுணுத்தாள், ஆயினும் திரும்பி நீரில் இறங்கினாள். அவள் முதுகு நட்டாறு வரை போகட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீர் அந்தத் தூணுக்குப் பின்னால் நில்லும். அவள் கண்ணிற் படாதீர். நன்றாகப் பாரும்" என்றார். விடைபெறும் சொல் வேறொன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டார், குதிரை நகர்ந்தது.

போர் முடிந்தபின் அவருடைய நாடு தேசப்படத்தில் மீண்டும் ஏறியது. பள்ளிக்குப் புதிய படம் வந்த அன்று நான் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். முகாமிலிருந்து அவர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்பதைச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை.

அவரை வண்டி கொண்டுபோன அன்றைக்கு, தூணின் நிழலில் நான் நின்றேன். மாடத்தி கீழைக் கரை சேர்ந்தாள்; திரும்பினாள்; மறுபடி நடந்து வந்தாள். வெயில் நீரில் பட்டு அவள் கண்ணைக் கூசச் செய்ததால், கரையை நெருங்கும்வரை தலை குனிந்தே வந்தாள். கடைசிப் படியருகே நிமிர்ந்தாள். சிரிப்பதற்கு ஆயத்தமாக இருந்த முகம் அப்படியே நின்றது. ஈரக் கையை நெற்றிக்குக் கொடுத்துப் படிகளைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். கூப்பிடுவதற்குத் திறந்த வாய் ஓசையின்றி மூடிக்கொண்டது. கை நெற்றியிலிருந்து மெல்ல இறங்கிற்று.

அவர் ஐந்தாண்டு தேடிய முகம் அது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அவள் நீரில் அசையாமல் நின்றாள். தூணுக்குப் பின்னால் நானும் அசையவில்லை. போதும் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.